திருகாணி வரைவதற்கு முன்: முதல் கம்ப்ரஸர் ப்ளகினுக்கு முகப்பு அமைப்பது எப்படி?

ஒலிக்கான கணக்கு வேலை செய்ய ஆரம்பித்ததும் கை பரபரக்கும். படம் வரையும் மென்பொருளைத் திறந்து, தேய்த்த அலுமினியத் தகடு, நாலு மூலையிலும் திருகாணி, மஞ்சள் வெளிச்சத்தில் ஆடும் முள் என்று வரைய உட்கார்ந்துவிடுவார்கள் ஒரு சாரார். ‘அதெல்லாம் பழைய பாணி’ என்று சாம்பல் நிறத்தில் ஆறு வட்டம் போட்டு முடித்துவிடுவார்கள் இன்னொரு சாரார். ப்ளகினில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே அதற்குச் சட்டை தைத்ததில் இரண்டு பேரும் ஒன்றுதான்.

ப்ளகின் என்பது ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் (அதுதான் ஹோஸ்ட்) ஓடும் சிறு நிரல். கம்ப்ரஸர் என்பது ஓர் எல்லையைத் தாண்டும் சத்தத்தை அமுக்கும் கருவி. ஜூஸ் (JUCE) மாதிரியான சி++ சட்டகத்தில் ஒரு கம்ப்ரஸர் ஓடுகிறது, ஒலி சரியாக வருகிறது, முகப்பு மட்டும் இன்னும் இல்லை என்ற நிலையில் இருப்பவருக்காக எழுதியது இது. டிலே (எதிரொலி), ஈக்யூ (அலைவரிசைகளை ஏற்றி இறக்குவது) எழுதுபவருக்கும் பெரும்பகுதி பொருந்தும். நிஜக் கருவியைப் பார்த்து வரைந்த முகப்பை இங்கே ‘அசல் சாயல்’ என்றும், கோடும் வட்டமும் எண்ணும் மட்டும் உள்ளதை ‘எளிய முகப்பு’ என்றும் சொல்லிக்கொள்வோம்.

இரண்டுக்கும் வரலாறு உண்டு. 2000-இல் வந்த ரீசன் என்ற இசை மென்பொருளில் டேப் பட்டனைத் தட்டினால் கருவி அடுக்கு முழுக்கப் பின்பக்கம் திரும்பும். அங்கே கேபிள்கள் ஆடிக்கொண்டிருக்கும். அடுத்த ஆண்டே வந்த ஏபிள்டன் லைவில் திருகாணியும் இல்லை, நிழலும் இல்லை. 2013-இல் ஐஓஎஸ் 7 வந்து தோலையும் மரத்தையும் திரையிலிருந்து துடைத்தபோது, உலகமே தட்டையாகிவிட்டது போலத் தோன்றியது. ஆனால் ஒலித்துறை முழுக்க அப்படி மாறவில்லை. லாஜிக் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் கம்ப்ரஸரில் இன்றும் ‘பிளாட்டினம் டிஜிட்டல்’ என்ற சாதா முகமும், ‘விண்டேஜ் ஃபெட்’, ‘விண்டேஜ் ஆப்டோ’ போன்ற பழங்கருவி முகங்களும் ஒரே ஜன்னலில் அருகருகே இருக்கின்றன. ஃபேப்ஃபில்டர், வல்ஹாலா நிறுவனங்களின் ப்ளகின்கள் எளிய முகப்பிலேயே பேர் வாங்கியவை. ஆக, ‘எது நவீனம்’ என்று கேட்டு இதற்கு விடை கிடைக்காது.

படி 1: வரையாதீர்கள், எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம், அலகு, தொடக்க மதிப்பு, குமிழ் நடுவில் நிற்கும்போது என்ன மதிப்பு என்று ஐந்தையும் எழுதுங்கள். ஒரு சாதாரண கம்ப்ரஸருக்கு இப்படி வரும்:

- த்ரெஷோல்ட் (அமுக்கத் தொடங்கும் அளவு): −60 முதல் 0 டெசிபல், தொடக்கம் −18
- ரேஷியோ (எவ்வளவு அமுக்குவது): 1:1 முதல் 20:1, நடுவில் 4:1
- அட்டாக் (அமுக்கத் தொடங்கும் வேகம்): 0.1 முதல் 100 மில்லிசெகண்ட், நடுவில் 10
- ரிலீஸ் (அமுக்கியதை விடும் வேகம்): 10 முதல் 1000 மில்லிசெகண்ட், நடுவில் 100
- மேக்கப் (குறைந்த சத்தத்தை ஈடுகட்டுவது): 0 முதல் 24 டெசிபல்
- மிக்ஸ் (அமுக்கிய ஒலியின் பங்கு): 0 முதல் 100 சதவீதம், தொடக்கம் 100

‘நடுவில்’ என்ற அந்த ஒரு சொல்லைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் என்ன ஆகும் என்று அட்டாக் குமிழை வைத்துப் பார்ப்போம். ஜூஸில் ஒரு குமிழை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோக மவுஸை 250 பிக்சல் இழுக்க வேண்டும். அது அங்கே இயல்பாக இருக்கும் அளவு. 0.1 முதல் 100 வரை சீராகப் பிரித்துக் கொடுத்தால் ஒரு பிக்சலுக்கு 0.4 மில்லிசெகண்ட். ட்ரம்ஸின் அடி மழுங்குகிறதா, துள்ளுகிறதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் 0.1-க்கும் 5-க்கும் இடைப்பட்ட பகுதி. அந்தப் பகுதி முழுக்க 12 பிக்சலுக்குள் நசுங்கிவிடும். மிச்சமிருக்கும் 238 பிக்சலை யாரும் அவ்வளவாகத் தொடமாட்டார்கள். 10 மில்லிசெகண்ட் நடுவில் வரும்படி வளைவைக் கொடுத்தால் (ஜூஸ் கணக்கில் ஏறத்தாழ 0.3) அதே பகுதிக்கு 101 பிக்சல் கிடைக்கிறது. ஒரே குமிழ், ஒரே படம். ஆனால் முதலாவது ‘கைக்கு அடங்காத ப்ளகின்’ என்று பேர் வாங்கும், இரண்டாவது ‘மிருதுவாக இருக்கிறது’ என்று பேர் வாங்கும்.

ஈக்யூ எழுதுபவர் இதே கணக்கை 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை போட்டுப் பாருங்கள். சீராகப் பிரித்தால் நடுவில் 10,010 வரும். குரலும் வீணையும் தபேலாவும் குமிழின் இடது ஓரத்தில் ஒண்டிக்கொள்ளும். மடக்கை முறையில் பிரித்தால் நடுவில் 632 வரும்.

இந்த வளைவை முதல் வெளியீட்டுக்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். விஎஸ்டி என்ற வகை ப்ளகின்களில் ஹோஸ்ட் மென்பொருள் ஆட்டோமேஷனை (பாட்டு ஓடும்போது குமிழ் தானாக அசைவதற்கான பதிவை) 0 முதல் 1 வரையிலான எண்ணாகத்தான் சேமிக்கிறது. பின்னால் வளைவை மாற்றினால், பழைய ப்ராஜெக்டில் 0.5 என்று எழுதியிருந்த 10 மில்லிசெகண்ட் வேறு ஏதோ ஆகிவிடும். முகப்பின் தோற்றத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வளைவு அப்படி அல்ல.

படி 2: முகமில்லாமல் ஓட்டிப் பாருங்கள்

ஜூஸில் எல்லாக் கட்டுப்பாட்டையும் வெறும் ஸ்லைடர் வரிசையாகக் காட்டும் பொதுவான எடிட்டர் ஒன்று தயாராகவே இருக்கிறது. ரீப்பர் என்ற ஹோஸ்டில் ப்ளகின் ஜன்னலின் மேலே உள்ள ‘யுஐ’ பட்டனும் இதே வேலையைச் செய்யும். அழகு சுத்தமாக இல்லாத அந்த வடிவத்தில் மூன்று பேரிடம் கொடுங்கள். ஒருவர் மிக்ஸிங் தெரிந்தவராக இருக்கட்டும், ஒருவர் அரைகுறை, ஒருவர் புதியவர். ‘இந்த ஸ்னேரை 4 டெசிபல் அமுக்கிக் கொடுங்கள்’ என்று ஒரே வேலையை மூவருக்கும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள்.

எதை முதலில் தொடுகிறார்கள், எதைத் தேடுகிறார்கள், எதைத் தொடவே இல்லை என்று மூன்று பட்டியல் கிடைக்கும். முதலில் தொட்டது முகப்பில் பெரிய குமிழ் ஆகும். தேடியதற்கு இடமோ பெயரோ சரியில்லை. தொடாததை ஓரமாக வைக்கலாம். சில சமயம் எடுத்தேவிடலாம். இதற்கு ஒரு மாலை நேரம் போதும். வரைந்து முடித்த தகட்டில் குமிழை இடம் மாற்றுவதற்கு ஒரு வாரம் ஆகும்.

படி 3: அசலில் எது ஒலியைச் சொல்கிறது, எது பெட்டியைச் சொல்கிறது?

இனிதான் அசல் சாயலா எளிமையா என்ற கேள்வி. உங்கள் ப்ளகின் ஒரு நிஜக் கருவியின் மின்சுற்றைப் பின்பற்றுகிறது என்றால், அந்தக் கருவியின் முகத்தில் இருப்பதையெல்லாம் இரண்டாகப் பிரியுங்கள். ஒலி உருவாகும் விதத்தால் வந்தவை ஒரு பக்கம். இரும்புப் பெட்டியாக இருந்ததால் வந்தவை மறுபக்கம்.

1960-களின் 1176 என்ற கம்ப்ரஸரை எடுத்துக்கொள்வோம். அதில் த்ரெஷோல்ட் குமிழே கிடையாது. இன்புட்டை ஏற்ற ஏற்ற, அசையாமல் நிற்கும் த்ரெஷோல்டில் ஒலி போய் மோதுகிறது. அவுட்புட் குமிழால் அளவைச் சரிசெய்கிறோம். எளிமைப்படுத்துகிறேன் என்று இதில் ஒரு த்ரெஷோல்ட் ஸ்லைடரை வைத்தால் அது வேறு கருவி. அட்டாக், ரிலீஸ் இரண்டும் 1 முதல் 7 வரை. 7 தான் வேகமானது. அட்டாக்கின் முழு வீச்சும் 20 மைக்ரோசெகண்டில் தொடங்கி 800 மைக்ரோசெகண்டில் முடிந்துவிடுகிறது, அதாவது மிக மெதுவான நிலையிலும் ஒரு மில்லிசெகண்டைத் தொடுவதில்லை. வலது பக்கம் திருப்பினால் மெதுவாகும் என்று பழகிய கைக்கு இது தலைகீழ். அசலைப் பின்பற்றினால் புதியவர் குழம்புவார். திருப்பிப் போட்டால் அசலில் பழகியவர் திட்டுவார். நல்ல வழி, திசையை அசல்படியே வைத்துவிட்டு, குமிழின் இரு முனைகளிலும் ‘மெது’, ‘வேகம்’ என்ற பொருள்பட எழுதிவிடுவது.

அதே கருவியில் ரேஷியோவுக்கு 4, 8, 12, 20 என்று நான்கு பட்டன்கள். நான்கையும் சேர்த்து அமுக்கினால் ஒலி முரட்டுத்தனமாக நொறுங்கும்; ட்ரம்ஸ் அறை மைக்குக்குப் பலரும் வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள். பட்டன்களாக இருந்ததால்தான் அப்படி ஒரு உத்தி பிறந்தது. எளிய முகப்பில் அதை நான்கு வரி உள்ள மெனுவாக்கினால் உத்தியே காணாமல் போய்விடும்; ஐந்தாவதாக ‘எல்லாம்’ என்று ஒரு வரியாவது சேர்க்க வேண்டும்.

எல்ஏ-2ஏ என்ற பழைய கம்ப்ரஸர் இதற்கு நேர் எதிர். வேலைக்கு இரண்டு குமிழ்கள்தான். அட்டாக்கையும் ரிலீஸையும் உள்ளே இருக்கும் ஒளி உணரியே பார்த்துக்கொள்கிறது. விடும்போது பாதி சட்டென்று விட்டு, மீதியை மெல்ல மெல்ல விடும். இதன் அசல் சாயல் முகப்பே எந்த எளிய முகப்பையும்விட எளியது. அங்கே தட்டை வடிவம் போட்டு நீங்கள் மிச்சப்படுத்தப்போவது எதுவும் இல்லை. பல்டெக் ஈக்யூவில் ஒரே தாழ் அலைவரிசைக்கு ஏற்றவும் இறக்கவும் தனித்தனிக் குமிழ்கள். இரண்டின் வளைவும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படியாததால், இரண்டையும் சேர்த்து ஏற்றினால் கீழே ஒரு மேடும் அதற்குச் சற்று மேலே ஒரு பள்ளமும் விழும். இதைப் போய் இழுத்து நகர்த்தும் ஒற்றைப் புள்ளியாக வரைந்தால் அந்த வேலையைச் செய்யவே முடியாது.

டிலே எழுதுபவருக்கும் ஒன்று. ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ என்ற டேப் எதிரொலிக் கருவியில் எதிரொலி இடைவெளிக்கான குமிழ் உண்மையில் மோட்டார் வேகம். வலப்பக்கம் திருப்பினால் டேப் வேகமாக ஓடும், இடைவெளி குறையும். டிலே டைம் என்ற பெயரில் வரும் சாதாரணக் குமிழுக்கு இது எதிர்த்திசை. பெயரை ‘ரிப்பீட் ரேட்’ என்று வைத்தால் திசை சரி. ‘டைம்’ என்று வைத்தால் திசையை மாற்றியாக வேண்டும். பெயரை ஒன்றிலிருந்தும் திசையை இன்னொன்றிலிருந்தும் எடுத்து வைத்திருக்கும் ப்ளகின்கள் இருக்கின்றன. பயன்படுத்துபவர் ஒவ்வொரு முறையும் தப்பான பக்கம் திருப்பிவிட்டுத் திரும்பி வருவார்.

ஆக, குமிழ்களின் எண்ணிக்கை, திசை, வரிசை, மீட்டரின் நடத்தை இவை ஒலியைச் சொல்பவை. எந்தப் பாணியில் வரைந்தாலும் இருக்க வேண்டும். திருகாணி, கைப்பிடி, காற்றுத் துளை, தூசி, பவர் சுவிட்ச் இவை பெட்டியைச் சொல்பவை. பவர் சுவிட்சில் கூடுதல் வம்பும் உண்டு: அதைப் பைபாஸ் (ப்ளகினைத் தற்காலிகமாக விலக்குவது) என்று நினைத்து அழுத்துபவர் அழுத்துவார், வெறும் படம் என்று விடுபவர் விடுவார்.

உங்கள் கம்ப்ரஸர் எந்தப் பழங்கருவியையும் பின்பற்றாத சுத்தமான டிஜிட்டல் கணக்கு என்றால், வால்வு வெளிச்சம் வரையாதீர்கள். மஞ்சள் ஒளியைப் பார்த்து வாங்கியவர் ஒலியிலும் அந்தக் கதகதப்பைத் தேடுவார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

படி 4: அசல் சாயல் என்று முடிவானால்

முதலில் அளவு. ரேக் கருவியின் முகத்தகடு 482.6 மில்லிமீட்டர் அகலம். உயரம் ஒரு யூனிட்டுக்கு 44.45 மில்லிமீட்டர். 1176 இரண்டு யூனிட். அதே விகிதத்தில் திரையில் 1000 பிக்சல் அகலத்துக்கு வரைந்தால் உயரம் 184 பிக்சல்தான் வரும். ஒரு யூனிட் கருவி என்றால் வெறும் 92. தகட்டில் பொறித்த எழுத்து 7, 8 பிக்சலுக்குச் சுருங்கி எறும்பு வரிசையாகிவிடும். அதனால் விகிதத்தில் நேர்மை பார்க்காதீர்கள். உயரத்தைக் கூட்டுங்கள், எழுத்தை 11 பிக்சலுக்குக் கீழே விடாதீர்கள், குமிழ்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைக் குறையுங்கள். அசல் மாதிரி இருக்கிறதா என்று யாரும் ஸ்கேல் வைத்து அளக்கப்போவதில்லை.

அடுத்தது வெளிச்சம். புதியவர் செய்யும் தவறுகளில் கண்ணுக்கு முதலில் உறுத்துவது இதுதான்: குமிழின் படத்தை, அதன் மேலுள்ள பளபளப்போடும் நிழலோடும் சேர்த்து அப்படியே சுழற்றுவது. குமிழைத் திருப்பினால் வெளிச்சமும் சேர்ந்து திரும்புகிறது, யாரோ டார்ச்சை வைத்துக்கொண்டு கருவியைச் சுற்றி ஓடுவது மாதிரி. சரிசெய்ய இரண்டு வழி. எளிய வழி: உடல் ஒரு படம், குறிக்கோடு ஒரு படம் என்று பிரித்து, உடலை அசையாமல் வைத்துக் கோட்டை மட்டும் சுழற்றுவது. உடல் வட்டமாக இருந்தால் இதுவே போதும். சிறகு வைத்த குமிழ், வரிப்பள்ளம் உள்ள குமிழ் என்றால் ப்ளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளிலோ ஜேநாப்மேன் என்ற குமிழ் வரையும் மென்பொருளிலோ ஒவ்வொரு கோணத்தையும் தனிப் படமாக எடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய ஃபிலிம் ஸ்ட்ரிப்பாகச் செய்ய வேண்டும்.

ஸ்ட்ரிப் என்றால் கணக்குப் பார்க்க வேண்டும். ஏழு மணி நிலையிலிருந்து ஐந்து மணி நிலை வரை 300 டிகிரி. 64 படம் வைத்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 4.8 டிகிரி; பெரிய குமிழில் குதிப்பது தெரியும். 128 வைத்தால் 2.4 டிகிரி, பெரும்பாலான அளவுக்கு இது போதும். திரையில் 64 பிக்சல் குமிழ், இருமடங்கு அடர்த்தியுள்ள திரைக்காக 128 பிக்சலில் எடுக்கிறீர்கள் என்றால், 128 படம் × 128 × 128 பிக்சல் × 4 பைட். விரித்தபின் நினைவகத்தில் 8 எம்பி. பிஎன்ஜி கோப்பு வட்டில் சிறிதாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆறு குமிழும் ஒரே படத்தைப் பகிர்ந்துகொண்டால் 8 எம்பியோடு நிற்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே ஏற்றினால் 48. குமிழை 256 பிக்சலில் எடுத்தால் ஒரு ஸ்ட்ரிப்பே 32 எம்பி. ஸ்ட்ரிப்பின் உயரமும் 32,768 பிக்சல் ஆகிவிடும். பல கிராஃபிக்ஸ் கார்டுகளின் வரம்பு 16,384 என்பதால், ஓப்பன்ஜிஎல் வழியாக வரைபவருக்குச் சில கணினிகளில் அந்தக் குமிழ் வெள்ளையாகவோ வெற்றிடமாகவோ நிற்கும். அப்போது ஸ்ட்ரிப்பைப் பல வரிசையாக மடித்து அடுக்குங்கள்.

மூன்றாவது, முள். அசல் சாயலில் உயிர் இருப்பது இங்கேதான். பலர் கோட்டைவிடுவதும் இங்கேதான். ஒலி அளவைக் காட்டும் வியூ (VU) மீட்டரின் முள் ஓர் ஒலி வந்ததும் தன் இடத்தின் 99 சதவீதத்தை எட்ட 300 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். அதைவிட வேகமாக ஆட்டினால் கண்ணுக்குப் பொம்மை என்று தெரிந்துவிடும். அளவுகோலும் சம இடைவெளி கொண்டதல்ல. முள் பின்பற்றுவது டெசிபலை அல்ல, மின்னழுத்தத்தை. +3 வலது முனை என்றால் 0 இருக்கும் இடம் ஏறத்தாழ 71 சதவீதத்தில், −10 இருப்பது 22 சதவீதத்தில், −20 இருப்பது 7 சதவீதத்தில். −20 முதல் +3 வரை சமமாகப் பிரித்துக் கோடு போட்ட மீட்டரைப் பழகியவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். 0-வை எந்த டிஜிட்டல் அளவுக்குப் பொருத்துவது என்றால் −18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் உச்சத்துக்கு 18 டெசிபல் கீழே) பரவலான பழக்கம். அதை மாற்றிக்கொள்ளவும் ஒரு வழி வையுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 300 மில்லிசெகண்ட் முள்ளுக்கு, 30 மில்லிசெகண்டில் முடிந்துவிடும் ஓர் அமுக்கம் சரியாகத் தெரியாது. பாதி தூரம் போவதற்குள் திரும்பிவிடும். ஸ்னேரில் 6 டெசிபல் குறைந்துகொண்டிருக்க, முள் இரண்டைக் காட்டும். அசல் கருவியிலும் அப்படித்தான், ஆனால் அங்கே வேறு வழியில்லை. உங்களிடம் திரை இருக்கிறது. முள்ளுக்குக் கீழே உச்ச அளவைச் சிறு எண்ணாகக் காட்டிவிடுங்கள்.

எண்ணை எடுக்கும் முறையிலும் ஒரு குழி உண்டு. 48 கிலோஹெர்ட்ஸில் 64 சாம்பிள் பஃபர் (ஒரே தடவையில் கையாளும் ஒலித் துண்டு) என்றால் ஒரு கட்டம் 1.33 மில்லிசெகண்ட். திரையை நொடிக்கு 30 முறை புதுப்பித்தால் ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் நடுவே 25 கட்டங்கள் ஓடிவிடும். கடைசிக் கட்டத்தின் மதிப்பை மட்டும் எடுத்தால் உச்சம் தவறிவிடும். போன முறை படித்ததற்குப் பின் வந்தவற்றில் பெரியதைச் சேர்த்துவைத்துக் கொடுக்க வேண்டும். ஒலி இழையிலிருந்து (ஒலிக் கணக்கு ஓடும் த்ரெட்) திரையை நேரடியாகத் தொடவே கூடாது. இரு இழைகளும் மோதாமல் பகிரும் அட்டாமிக் மாறியில் எழுதிவிட்டுப் போவதோடு அதன் வேலை முடிந்தது. முள் அசையும்போது முழுத் தகட்டையும் திரும்ப வரையாமல் மீட்டர் பகுதியை மட்டும் வரையுங்கள். பத்து ட்ராக்கில் பத்து ஜன்னல் திறந்து வைப்பவர் இருக்கிறார்.

கடைசியாக, அசல் நிறுவனத்தின் பெயர், முத்திரை, அதற்கே உரிய நிறச் சேர்க்கை எதையும் அப்படியே எடுக்காதீர்கள். ‘இலவச ப்ளகின்தானே’ என்பது சட்டத்துக்கு ஒரு பதில் ஆகாது.

படி 5: எளிய முகப்பு என்று முடிவானால்

எளிய முகப்பு வரைய எளிது, அமைக்கக் கடினம். அசல் சாயலில் உலோகமும் நிழலும் இடைவெளியும் சேர்ந்து எது எதனோடு சேர்ந்தது என்று சொல்லிவிடும். தட்டையில் அந்த வேலையை அளவும் இடமும் மட்டுமே செய்ய வேண்டும். ஆறு குமிழையும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், ஒரே நிறத்தில் வைத்தால் கண் எங்கே போவது என்று தெரியாமல் அலையும். த்ரெஷோல்டை மற்றவற்றைப் போல ஒன்றரை மடங்காக்குங்கள். அட்டாக்கையும் ரிலீஸையும் ஒட்டி வையுங்கள். மேக்கப்பும் மிக்ஸும் வலது ஓரத்துக்குப் போகட்டும். ஒலி இடமிருந்து வலம் போகிறது என்ற பழக்கத்தை மீறாதீர்கள்.

வட்டத்தைச் சுற்றியுள்ள வில் எங்கிருந்து தொடங்குகிறது என்பதும் முக்கியம். 0 முதல் 100 வரை போகும் மிக்ஸுக்கு இடது முனையிலிருந்து. −12 முதல் +12 வரை போகும் ஈக்யூ கெயினுக்கு நடு உச்சியிலிருந்து இருபக்கமும். இரண்டாவதற்கும் இடது முனையிலிருந்து வில்லை நிரப்பினால், எதுவும் செய்யாத 0 நிலையில் பாதி நிரம்பி நிற்கும். ஏதோ ஏறியிருக்கிறது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள மாறுபாடு 4.5:1-க்குக் குறையக் கூடாது, வில்லுக்கும் கோட்டுக்கும் 3:1. கறுப்பில் அடர்சாம்பல் எழுத்து வடிவமைப்பாளரின் பெரிய மானிட்டரில் அழகாக இருக்கும். ஸ்டுடியோ மூலையில் இருக்கும் மங்கலான லேப்டாப்பில் காணாமல் போகும். ஆன், ஆஃப் இரண்டையும் சிவப்பு, பச்சை என்று நிறத்தால் மட்டும் பிரிக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நிறத்தை நீக்கிப் பாருங்கள். அப்போதும் புரிந்தால் சரி.

எளிமை என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒரே குமிழுக்குள் அடக்கும் ஆசை வரும். செய்யலாம். ஆனால் அந்தக் குமிழ் த்ரெஷோல்டை இறக்கும்போது மேக்கப்பையும் ஏற்றுகிறதென்றால், சத்தம் கூடுவதை ‘நன்றாக இருக்கிறது’ என்று காது எடுத்துக்கொள்ளும். அதிகம் திருப்பத் திருப்பப் பிடிக்கும். பைபாஸ் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒரே உரப்பு இருக்கும்படி மேக்கப்பைப் பொருத்திய பிறகே அப்படிக் குமிழை வெளியே விடுங்கள்.

வளைவும் ஸ்பெக்ட்ரமும் எளிய முகப்பின் பலம். இதில் பழங்கருவி எதுவும் கிட்டே வர முடியாது. ஆனால் அதன் எல்லையையும் அறிந்து வரையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 4096 புள்ளி எஃப்எஃப்டி (ஒலியை அலைவரிசைகளாகப் பிரிக்கும் கணக்கு) என்றால் ஒரு கட்டத்துக்கு 11.7 ஹெர்ட்ஸ். 20-க்கும் 40-க்கும் நடுவில் இரண்டே கட்டம்தான் விழும். மடக்கை அச்சில் அந்தப் பகுதிதான் திரையில் அகலமாக விரியும் என்பதால், பேஸ் பகுதி படிக்கட்டு மாதிரித் தெரியும்.

இரண்டையும் கலக்கலாமா என்றால், தாராளமாக. எளிய தகடு, எண்ணோடு கூடிய குமிழ், நடுவில் மட்டும் சரியாக ஆடும் ஒரு முள்: முதல் கம்ப்ரஸருக்கு இதைவிடப் பொருத்தமான சேர்க்கை அபூர்வம்.

படி 6: எந்த முகமானாலும் கைக்குச் செய்ய வேண்டியவை

குமிழை வட்டமாக இழுக்க வைக்காதீர்கள். மேலே இழுத்தால் ஏற வேண்டும், கீழே இழுத்தால் இறங்க வேண்டும். ஷிஃப்ட்டைப் பிடித்தால் நுண்ணிய அசைவு. இரட்டைச் சொடுக்கில் தொடக்க மதிப்பு. எண்ணின்மேல் சொடுக்கினால் தட்டச்சு செய்ய இடம். அசல் சாயல் குமிழில் எண் எழுதியிருக்காது என்பதால், இழுக்கும்போதாவது மதிப்பு பக்கத்தில் தோன்ற வேண்டும்.

தட்டச்சு இடம் வைத்தவர்கள் ஒன்றை உடனே சோதியுங்கள். எண்ணை அடித்து என்டர் தட்டியபின் ஸ்பேஸ் பாரை அழுத்துங்கள். பாட்டு ஓடுகிறதா? ஓடவில்லை என்றால் உங்கள் பெட்டி விசைப்பலகையை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பயன்படுத்துபவரை ஒரே நாளில் வெறுக்க வைக்கும் பிழை இது. என்டருக்குப் பின் கவனத்தை ஹோஸ்டிடம் திருப்பிக் கொடுத்தால் தீரும்.

குமிழைத் தொட்டதும் ‘தொட்டேன்’ என்றும் விட்டதும் ‘விட்டேன்’ என்றும் ஹோஸ்டுக்குச் சொல்ல வேண்டும். ஜூஸின் ஸ்லைடர் இணைப்பைப் பயன்படுத்தினால் தானாக நடக்கும். சொந்தமாகக் குமிழ் எழுதியவர்கள் இதை மறந்துவிடுவார்கள், டச் முறையில் (குமிழைத் தொட்டிருக்கும்வரை மட்டும் எழுதுவது) ஆட்டோமேஷன் பதிவாகாது. பார்வையற்றோர் திரை வாசிப்பான் வழியாகப் பயன்படுத்த, ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் பெயரும் அலகும் கொடுங்கள். ஜூஸ் 6.1 முதல் இதற்கு வசதி உண்டு. வெறும் படமாக வரைந்த பட்டனுக்குப் பெயர் வைக்காவிட்டால் அது வாசிப்பானுக்கு இல்லாத பட்டன்.

படி 7: வெளியே விடுவதற்கு முன்

1366 × 768 திரையுள்ள ஒரு பழைய லேப்டாப்பில் திறந்து பாருங்கள். ஹோஸ்டின் தலைப்புப் பட்டையும் பணிப்பட்டையும் போக, 600 பிக்சலுக்கு மேல் உயரம் இருந்தால் உங்கள் அவுட்புட் குமிழ் திரைக்கு வெளியே தொங்கும். விண்டோஸில் 125, 150 சதவீதப் பெரிதாக்கம் வைத்துப் பாருங்கள். ஸ்ட்ரிப் குமிழ்களின் விளிம்பு அங்கேதான் கலங்கும். ஜன்னலை இழுத்துப் பெரிதாக்க விடுவதென்றால் நீள அகல விகிதத்தைப் பூட்டுங்கள், அந்த அளவை ப்ராஜெக்டோடு சேர்த்துச் சேமியுங்கள். இல்லையென்றால் திறக்கும்போதெல்லாம் பழைய அளவுக்கே திரும்பும்.

இன்னொரு சோதனை கொஞ்சம் குறும்பானது. ஒரே ஒலிக் கணக்குக்கு இரண்டு முகம் போட்டு, இரண்டு ப்ளகின் என்று சொல்லி நாலு பேரிடம் கொடுங்கள். ‘எது கதகதப்பு, எது கூர்மை’ என்று கேளுங்கள். ஒரே ஒலிதான் என்று சொல்பவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பிறகு வாடிக்கையாளர் ‘புது வெர்ஷனில் ஒலி மாறிவிட்டது’ என்று எழுதும்போது, நீங்கள் தொட்டது நிறத்தை மட்டும்தானா என்று முதலில் பார்க்கத் தோன்றும்.

வெளியிட்ட பிறகு தகட்டின் நிறத்தை மாற்றலாம், நிழலை எடுக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம். குமிழ்களின் இடத்தை மட்டும் மாற்றாதீர்கள். கண்ணால் பார்க்காமல் கையைக் கொண்டுபோகப் பழகியவர் அதற்குள் வந்திருப்பார். கட்டாயம் மாற்ற வேண்டியிருந்தால் பழைய ப்ளகினை அப்படியே விட்டுவிட்டு, புதிய அடையாள எண்ணோடு ‘2’ என்று தனியாக வெளியிடுங்கள். பழைய ப்ராஜெக்ட் பழைய முகத்தோடு திறக்கும்.